பெரிய டயருக்கு எத்தனை இன்ச் ரிம்?

உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியாயிற்று. புது ஜிம்னிக்குப் பெரிய டயர் போடப் போகிறீர்கள். கடைக்காரர், “டயர் அகலமாகுதுல்ல, கூடவே 8 இன்ச் அலாயும் போட்டுடலாம், வண்டி கெத்தா நிக்கும்” என்கிறார். போடலாமா என்பது உங்கள் கேள்வி. கெத்தாக நிற்கும், அதில் சந்தேகமில்லை. நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்காக வாங்கிய வண்டி என்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். கல்லில் ஏற, மணலில் இறங்க, சேற்றைக் கடக்க வாங்கியது என்றால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

டயர் எவ்வளவு உயரம், எந்த கம்பெனி, பட்டன் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட ரிம் அகலத்தை பில் போடும் நேரத்தில் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மிலேயே இருக்குமா, கழன்று வருமா என்பதில் இந்த அகலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் உங்களிடம் இருப்பதைப் பார்ப்போம். வண்டியோடு வந்த டயர் 195/80 ஆர் 15. மில்லிமீட்டர் கணக்கில் டயரின் அகலம் 195. பக்கச்சுவர் மிகவும் புடைத்திருக்கும் இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளப்பது. அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ரிம்மின் அகலம் 5.5 ஜே. ஜே என்பது விளிம்பின் வடிவத்துக்கான குறி. அகலத்தைச் சொல்வது 5.5 மட்டும்தான்.

இந்த 5.5 இன்ச்சை எங்கே அளப்பது? டேப்பை ரிம்மின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்குப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒரு இன்ச் கூடுதலாகக் காட்டும். டயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி பொதிந்த தடித்த வளையம் இருக்கிறதே, அதைத்தான் பீட் என்கிறோம். அந்த பீட் சாய்ந்து உட்காரும் இரண்டு விளிம்புகளின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரமே ரிம் அகலம். பழைய அலாய் வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டேப்பை நம்பி 8 என்று வாங்கியது 7 ஆக இருக்கும். பெரும்பாலான ரிம்களில் அகலமும் ஆஃப்செட்டும் பின்பக்கத்திலேயே பொறித்திருக்கும். அதைப் படிப்பது மேல்.

அடுத்து, டயர்மேல் 195 என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதை எந்த ரிம்மில் மாட்டி அளந்தார்கள்? ஒவ்வொரு டயர் அளவுக்கும் அளவை ரிம் என்று ஒன்று உண்டு. அதற்கு இருபுறமும், குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று அனுமதிக்கப்பட்ட அகலங்கள் உண்டு. ஐரோப்பாவில் ஈடிஆர்டிஓ, அமெரிக்காவில் டிஆர்ஏ, நம் நாட்டில் ஐடிடிஏசி ஆகிய அமைப்புகள் இப்படிப்பட்ட அளவுகளை வகுத்துப் புத்தகமாகப் போடுகின்றன. டயர் கம்பெனிகளின் அட்டவணையிலும் அதே எண்கள் இருக்கும்.

உங்கள் 195/80 ஆர் 15-க்கு அளவை ரிம் 5.5 இன்ச். 215/75 ஆர் 15-க்கு 6. அனுமதி பொதுவாக 5.5 முதல் 7 வரை. நீங்கள் ஆசைப்படும் 235/75 ஆர் 15-க்கு அளவை ரிம் 6.5, அனுமதி 6-இல் தொடங்கி, சாதாரண வகைக்கு 8 வரை போகும். எல்டி என்று போட்டிருக்கும் கனரக வகைக்கு மேல் எல்லை அதைவிடக் குறையும். இந்த மூன்றிலும் ஒரு விகிதம் தெரிகிறதா? ரிம்மின் அகலம் டயர் அகலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். பெரிய ஜீப்புகளுக்குப் போடும் 31 இன்ச் உயரம், 10.5 இன்ச் அகலம் கொண்ட டயர்களில் அளவை ரிம் 8.5, அங்கே விகிதம் 80-ஐத் தொடும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் 6 இன்ச் டயர் 4.5 இன்ச் ரிம்மில்தான் உட்கார்ந்திருந்தது, 75 சதவீதம். டயரைவிட ரிம் ஒடுங்கியிருப்பது அந்தக் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

ஆக, உங்கள் கடைக்காரர் சொல்லும் 8 இன்ச், 235 டயருக்கு அனுமதியின் கடைசி ஓரம். எல்டி வகை டயர் என்றால் அந்த ஓரத்தையும் தாண்டியிருக்கும். அவர் சொன்னது முழுத் தவறும் இல்லை, நல்ல யோசனையும் இல்லை.

“ஓரமா இருந்தா என்னண்ணே, அனுமதிக்குள்ளதானே இருக்கு?” என்கிறீர்கள். சரி, அகலம் மாறினால் டயருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். துணிப்பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தால் பை உருண்டு புடைக்கும். வாயை விரித்துப் பிடித்தால் பக்கங்கள் நிமிர்ந்து அடி தட்டையாகும். டயரும் அப்படித்தான். ஒடுக்கமான ரிம்மில் பக்கச்சுவர் வெளியே வளைகிறது, தரையைத் தொடும் டிரெட்டின் நடுப்பகுதி கொஞ்சம் மேடாகிறது. அகன்ற ரிம்மில் பக்கச்சுவர் செங்குத்தாகிறது, டிரெட் தட்டையாகிறது. கணக்கும் உண்டு: ரிம் அகலம் அரை இன்ச் மாறினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. மாறும். 6.5 ரிம்மில் 235 மி.மீ. இருக்கும் டயர், 8 இன்ச் ரிம்மில் ஏறத்தாழ 250 ஆகிவிடும். உயரத்தில் ஒரு பொட்டு குறையும்.

தார் ரோட்டில் இதன் பலன் நேரடியாகத் தெரியும். அகன்ற ரிம்மில் டயர் பக்கவாட்டில் குழைவது குறைவு. திருப்பத்தில் ஸ்டீயரிங் சொன்னபடி வண்டி சட்டென்று கேட்கும். ஒடுக்கமான ரிம்மில் கொஞ்சம் அசைந்துவிட்டுத் திரும்பும். நடு மேடாவதால், காற்றும் அதிகம் வைத்தால், டிரெட்டின் நடுப்பகுதி முதலில் தேயும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அனுமதியின் நடுவிலோ கொஞ்சம் மேலேயோ ரிம் எடுப்பதில் தப்பே இல்லை.

தார் முடிந்து கல்லும் மணலும் தொடங்கும் இடத்தில் கதை மாறுகிறது. அங்கே முதல் வேலை காற்றை இறக்குவது. காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. அகலவாட்டில் கூடுவதைவிட நீளவாட்டில் அதிகம் நீள்கிறது. டிரெட் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கிறது, மணலில் புதையாமல் மிதக்கிறது. ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டிக்குக் கற்பாதையில் 18 பிஎஸ்ஐ, மணலில் 15 என்று இறக்குவது சகஜம்.

ஆனால் பீட்டை ரிம்மின் விளிம்போடு அழுத்திப் பிடித்திருப்பதும் அதே காற்றுதான். 30 பிஎஸ்ஐயை 15 ஆக்கினால் அந்தப் பிடி பாதியாகிவிடும். அந்த நிலையில் மணல்மேட்டின் சரிவில் குறுக்காக ஓடும்போதோ, வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதோ என்ன நடக்கிறது? திருப்பத்தின் வெளிப்புறச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரை டிரெட்டை உள்ளே தள்ளுகிறது, ரிம் வெளியே போகப் பார்க்கிறது. வெளிப்பக்கத்துச் சுவர் இழுபட்டு, தன் பீட்டை விளிம்பிலிருந்து உள்ளே பிடுங்கப் பார்க்கிறது. ரிம்மில் பீட்டுக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று தடுப்பாக இருக்கும். அதையும் தாண்டி பீட் வழுக்கிவிட்டால் இருந்த காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். சரிவில் இது நடந்தால் வண்டி உருளவும் கூடும்.

இந்த இடத்தில்தான் ரிம் அகலம் பேசுகிறது. ஒடுக்கமான ரிம்மில் பக்கச்சுவர் பீட்டிலிருந்து கிளம்பும்போதே வெளியே வளைந்து போகிறது. டிரெட் பக்கவாட்டில் நகர்ந்தாலும், அந்த வளைவு நிமிர்ந்து முடியும் வரை பீட்டுக்கு இழுப்பு வராது. அகன்ற ரிம்மில் சுவர் முன்பே நிமிர்ந்து நிற்கிறது. கொடுக்க மிச்சம் இல்லை, முதல் இழுப்பே பீட்டைத் தாக்கும். ரிம் டிரெட்டைவிட அகலமாகிவிட்டால் இன்னும் மோசம். சுவர் உள்ளே சாய்ந்து, சும்மா நிற்கும்போதே பீட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒடுக்கமான ரிம்மின் விளிம்பு, புடைத்த சுவருக்குள் ஒளிந்திருக்கும். பாறை இடுக்கில் உரசினால் முதலில் ரப்பர் வாங்கிக்கொள்ளும். அகன்ற ரிம்மில் விளிம்பும் சுவரும் ஒரே மட்டத்தில் நிற்பதால் அடி நேராக அலாய்க்கு. இரும்பு ரிம் என்றால் நெளியும், சுத்தியலால் தட்டி அன்றைக்கு வீடு வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் காட்டில் வைத்தியம் கிடையாது.

இத்தனையையும் கேட்டுவிட்டு நீங்கள் ஐஸ்லாந்தை நினைக்கலாம். 2007-இல் டாப் கியர் நிகழ்ச்சிக்காகக் காந்த வடதுருவம் நோக்கி ஓட்டிய டொயோட்டா ஹைலக்ஸை ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம்தான் தயார் செய்தது. 38 இன்ச் டயர், மிக அகன்ற ரிம். அவர்கள் செய்தது தப்பா? இல்லை. அவர்களுடைய தரை பனி. பனியாற்றின் மேல் 3, 4 பிஎஸ்ஐ வரைகூட காற்றை இறக்கி, வண்டியைப் பனிக்குள் புதையாமல் மிதக்க வைப்பதே அங்கே வேலை. அதற்கு டிரெட் முழுவதும் தட்டையாகப் பரவ வேண்டும். அகன்ற ரிம் அதைத் தருகிறது. அவ்வளவு குறைந்த காற்றில் பீட்டை நம்ப முடியாது என்பதால் அதைப் பூட்டவும் ஒட்டவும் தனியாக வழி செய்துகொள்கிறார்கள். வெளி வளையத்தை வைத்து போல்ட்டுகளால் பீட்டை இறுக்கும் பீட்லாக் ரிம் அதில் ஒரு வகை. அந்த போல்ட்டுகளை அடிக்கடி முறுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தினசரி வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அது தேவையில்லாத தலைவலி.

நம்முடைய தரை எது? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை மாதிரி கல்லும் குழியும். மழைக்காலத்து மேற்குத் தொடர்ச்சி மலைச் சேறு. ஆசைப்பட்டு ஒரு தடவை போனால் ஜெய்சல்மேர் மணல். இவற்றுக்குத் தேவை கல்லைச் சுற்றி மடியும் பக்கச்சுவரும், 15 பிஎஸ்ஐயிலும் கழன்று வராத பீட்டும். அதனால் நான் சொல்வது: காற்று இறக்கி ஓட்டப் போகிறீர்கள் என்றால், அனுமதிக்கப்பட்ட அகலங்களில் அளவை ரிம்மையோ அதற்கு அரை இன்ச் கீழேயோ எடுங்கள். மேல் ஓரத்துக்குப் போகாதீர்கள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனி ஆஃப்செட். அகலத்தைப் பேசிவிட்டு இதை விட்டால் பாதிக் கணக்குதான்.

ரிம்மின் அகலத்தில் சரி நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்போடு ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ். சக்கரம் வண்டிக்குள் ஒதுங்கி நிற்கும். உட்பக்கம் இருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே துருத்தும். உங்கள் ஜிம்னியின் ரிம் பிளஸ் 5 மி.மீ.

இப்போது இரண்டு ரிம்களை ஒப்பிடுவோம், இரண்டிலும் அதே 235 டயர். முதலாவது 6.5 இன்ச், பிளஸ் 5. பழைய டயரைவிடப் புது டயர் 40 மி.மீ. அகலம்; அது இரு பக்கமும் சமமாகப் பிரிந்து வெளியே 20, உள்ளே 20 மி.மீ. போகும். இரண்டாவது கடையில் எளிதாகக் கிடைக்கும் 8 இன்ச், மைனஸ் 19. நடுக்கோடே 24 மி.மீ. வெளியே போகிறது; டயரும் 250 ஆக விரிகிறது. கூட்டினால் வெளிப்பக்கம் 51 மி.மீ. துருத்தும், உட்பக்கம் வெறும் 3 அல்லது 4 மி.மீ. நெருங்கும். வண்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச் அகன்றுவிட்டது. பார்க்க அழகுதான், சேறும் கல்லும் மட்கார்டைத் தாண்டிக் கதவில் அடிக்கும்.

அதைவிட முக்கியம், ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் அந்த 24 மி.மீ. அளவுக்குக் கூடிவிட்டது. ஒரு சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் கையை முறித்துக்கொண்டு திரும்பப் பார்க்கும். வீல் பேரிங்கின் மேல் நெம்பும் பாரமும் கூடும். ஜிம்னிக்கு முன்பக்கமும் ஒரே துண்டான அச்சு. கனமான பெரிய டயரும் மைனஸ் ஆஃப்செட்டும் சேர்ந்தால், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் தடதடவென்று உதறும் நோய் அத்தகைய வண்டிகளுக்குச் சீக்கிரம் வரும்.

ஆனால் ஆஃப்செட்டை அப்படியே வைத்திருப்பதிலும் ஒரு சோதனை இருக்கிறது. உட்பக்கம் 20 மி.மீ. நெருங்கினால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் அச்சின் கம்பிகளிலோ சேஸியிலோ உரசலாம். அதற்காகத்தான் 7 இன்ச்சில் பூஜ்யம் ஆஃப்செட் என்று நடுவழி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் டயர் 240 ஆகி, வெளியே 27, உள்ளே 17 மி.மீ. வரும். எதை எடுத்தாலும் வாங்குமுன் ஒரு சக்கரத்தை மட்டும் முன்பக்கம் மாட்டிப் பாருங்கள். அதே பக்கத்துப் பின்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, எதிர்ப்பக்கத்து முன்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முறுகிய நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பிறகு மேட்டை இடம் மாற்றி இன்னொரு தடவை. சமதளத்தில் உரசாதது அங்கே உரசும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துளைகள் ஐந்து, அவற்றின் வட்டம் 139.7 மி.மீ.; இது பொருந்த வேண்டும். பெரிய டயருக்காக 15 இன்ச் விட்டத்தை விட்டு 17-க்குப் போகாதீர்கள். டயரின் உயரத்தை விட்டத்துக்குத் தந்துவிட்டு, மடிய வேண்டிய பக்கச்சுவரை இழப்பீர்கள். ரிம்மில் அதிகபட்சப் பாரம் பொறித்திருக்கிறதா, தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒடுக்கமான ரிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் வைக்கிறேன் என்று கடையில் சொன்னால், அது ஆஃப்செட்டை மாற்றும் இன்னொரு வழி என்பதை நினைவில் வையுங்கள். மேலே சொன்ன தொல்லைகள் அதற்கும் உண்டு.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர்தான் ரோட்டில் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். வாரன்ட்டியும் இன்சூரன்ஸும் இதோடு சேர்ந்த விஷயம். டயர் வாங்குமுன் வண்டி கம்பெனியிடமும் இன்சூரன்ஸ்காரர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி. முதல் வழி 215/75 ஆர் 15. உயரம் 693 மி.மீ.இலிருந்து 703 ஆகும். இருக்கிற 5.5 ரிம்மே அனுமதிக்குள் வருகிறது. கீழ் ஓரம்தான், ஆனால் காற்று இறக்கி ஓட்டுகிறவருக்கு அது நல்ல ஓரம். ரிம்முக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இரண்டாவது 235/75 ஆர் 15. உயரம் 733 மி.மீ.; வண்டியின் வயிறு 20 மி.மீ. உயரும். இதை 5.5 ரிம்மிலேயே மாட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது அனுமதிக்குக் கீழே. டிரெட் உருண்டு போகும், நெடுஞ்சாலையில் வண்டி நீந்தும். இதற்கு 6 அல்லது 6.5 இன்ச் ரிம் வேண்டும், 7-க்கு மேல் வேண்டாம். சக்கரம் ஆறு சதவீதம் பெரிதாவதால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-இல் போய்க்கொண்டிருக்கும். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு ஏற்றத்தில் அந்த ஆறு சதவீதம் பாரமாகவும் தெரியும்.

எனக்கு விட்டால் முதல் வருஷம் 215 போட்டு ஓட்டச் சொல்வேன். எங்கெல்லாம் வயிறு தட்டுகிறது, எவ்வளவு காற்று இறக்குகிறீர்கள் என்று அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் 235 வேண்டும் என்றால், வாங்கும் ரிம் சரியான ரிம்மாக இருக்கும்.

எதைப் போட்டாலும் ரோட்டுக்கான காற்றைப் பழைய கணக்கில் வைக்காதீர்கள். டிரெட்டின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, சமமான நேர்ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. முழுக்கச் சீராக அழியும் அளவே உங்கள் வண்டிக்கு உரியது. எல்டி டயர் எடுத்தால் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அது கனமான வண்டிக்காகக் கட்டிய டயர். ஜிம்னியின் எடைக்கு அதில் 35 பிஎஸ்ஐ வைத்தால் நடுமேடு மட்டும் தரையைத் தொடும்.

நாளைக்குக் கடைக்குப் போனதும் 8 இன்ச் அலாயின் விலையைக் கேட்காதீர்கள். “நான் எடுக்கப் போற டயரோட ரிம் அட்டவணையை எடுங்கண்ணே” என்று ஆரம்பியுங்கள். அதில் அளவை ரிம்மைப் பாருங்கள். பிறகு ஆஃப்செட்டைக் கேளுங்கள். நிறமும் டிசைனும் அதற்கு அப்புறம். அட்டவணை இல்லை என்று கடைக்காரர் சொன்னால் டயர் கம்பெனியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வரும் வரை பில் போட விடாதீர்கள்.